“360 டிகிரி”: திருப்பம், காட்சி, ஃபீட்பேக் மூன்றுக்கும் ‘முழுவட்டம்’ என்ற ஒரே சொல் போதுமா?

சொல்லடுக்கு எழுதியது:

கலைச்சொல் பட்டியல் ஒன்றில் “360 டிகிரி” என்று எங்கே வந்தாலும் ‘முழுவட்ட’ என்று போடு என ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். அதைப் போட்டுப் பார்த்தால் மூன்று இடங்களில் இடிக்கிறது.

அ) “கட்சியின் நிலைப்பாடு 360 டிகிரி மாறிவிட்டது.”
ஆ) “பொருளின் 360 டிகிரி வியூ.” இது இணையக் கடையில் வரும் பொத்தான். இதே பெயரில் வீடு, அறை காட்டும் பொத்தானும் உண்டு.
இ) “360 டிகிரி ஃபீட்பேக்.” பணியாளருக்கான படிவம்.

மூன்றும் ஒரே 360 தானா? ‘முழுவட்ட’ ஒட்டுமா? எண்ணை அப்படியே விட்டுவிடலாமா?

---

கோணமானி எழுதியது:

அ) தப்பு. 360 திரும்பினால் முன்பு பார்த்த பக்கத்தையே மறுபடி பார்ப்போம். நேரெதிர் என்றால் 180. மொழிபெயர்ப்பதற்கு முன் மூலத்தையே திருத்தச் சொல்லுங்கள்.

பெரிய மேடைகளிலும் இது நடக்கிறது. 2023 பிப்ரவரியில் மியூனிக் பாதுகாப்பு மாநாட்டில் அன்றைய ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் அன்னலேனா பேர்பாக், ரஷ்ய அதிபர் புதின் 360 டிகிரி மாறினால்தான் உக்ரைனுக்குப் பாதுகாப்பு உண்டு என்ற பொருளில் பேசிவிட்டார். சொல்ல வந்தது 180 என்று எல்லோருக்கும் புரிந்தது, கேலியும் நின்றபாடில்லை.

---

பழஞ்சொல் எழுதியது:

கோணமானி ஐயா, கணக்கில் நீங்கள் சொல்வதே சரி. ஆனால் பேச்சு மொழி கோணமானி வைத்து அளப்பதில்லை. “அந்தர் பல்டி அடித்துவிட்டார்” என்றால் நமக்கு என்ன பொருள்? நேற்றுச் சொன்னதற்கு நேரெதிராக இன்று பேசுகிறார் என்பது. பல்டி அடிக்கும் உடம்போ முழுசாக 360 சுற்றி, காலூன்றி, போன திசையையே பார்த்து நிற்கிறது. கணக்குப்படி பார்த்தால் பல்டி அடித்தவர் கொள்கை மாறாதவர்! குட்டிக்கரணமும் அப்படித்தான். நடுவில் தலை கீழே போன அந்த நொடிதான் கேட்பவர் மனத்தில் நிற்கிறது, இறங்கிய நிலை நிற்பதில்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. ஐரோப்பிய மொழிகளில் ‘ரெவல்யூஷன்’ என்பது முதலில் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வருவது. 1543-ல் வந்த கோப்பர்நிக்கஸின் நூல் தலைப்பில் அது கோள்களின் சுற்றைத்தான் குறிக்கிறது. ஆட்சியைக் கவிழ்ப்பது என்ற பொருள் பிறகு ஏறியது. தமிழில் அதற்கு வைத்த ‘புரட்சி’யோ புரள், புரட்டு என்ற வேரிலிருந்து வருகிறது. மேல் கீழாவது, அதாவது 180. அவர்கள் முழுவட்டத்தைச் சொல்லி அரைவட்டத்தைக் குறித்தார்கள், நாம் அரைவட்டத்தையே சொல்கிறோம். இந்த ஒரு சொல்லில் நம்முடையது கணக்குக்குச் சரி.

---

கோணமானி எழுதியது:

பல்டி விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். ஆனால் பல்டியில் எண் இல்லை. எண்ணைப் போட்ட மறுநொடியே படிப்பவர் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஆகவே அ)-வுக்கு ஒரே வழி எண்ணைத் தூக்குவது: “நேரெதிராக மாறிவிட்டது”, “தலைகீழாகிவிட்டது”, நக்கலாக வேண்டுமென்றால் “பல்டி அடித்தது”. “180 டிகிரி மாறியது” என்று திருத்துவதும் சரிதான், ஆனால் அது திருத்திய வாடை அடிக்கும்.

சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்த கதையாக இருந்தால் மட்டும் 360 பொருந்தும். அதற்கும் தமிழில் எண் தேவையில்லை: “பழைய குருடி கதவைத் திறடி”.

---

மரைதிருகி எழுதியது:

ஒரு குறுக்குச்சால். “360 சுற்றினால் அதே இடம்” என்பது திசைக்கு மட்டும் உண்மை. எம்6 போல்ட்டை (6 மில்லிமீட்டர் விட்டம்) முழுசாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள், தலை பழைய பக்கத்தையே பார்க்கும், ஆனால் போல்ட் 1 மில்லிமீட்டர் உள்ளே போயிருக்கும். எம்8 என்றால் 1.25. (இரண்டும் வழக்கமான பெருமரைக் கணக்கு, மரை நெருக்கமாக இருக்கும் நுண்மரை வேறு.) நீளமான ஹோஸ் குழாயை ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாகச் சுற்றி எடுத்தால், சுற்றுக்கு ஒரு முறுக்கு உள்ளே தங்கிவிடும். கை பழைய இடத்துக்கு வந்துவிடும், குழாய் வராது.

கோணத்தை திசையாக எடுத்தால் 360-ம் 0-வும் ஒன்று. அளவாக எடுத்தால் இரண்டும் வேறு. சறுக்குப்பலகைக்காரர்கள் 180, 360, 540, 720, 900 என்று ஏற்றிக்கொண்டே போவது அளவுக் கணக்கு. 1999-ல் ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் போட்டி மேடையில் 900 அடித்தார், அதாவது இரண்டரைச் சுற்று. திசைக் கணக்கில் அது வெறும் 180.

எனவே ‘முழுவட்ட’ என்று போடுவதற்கு முன், மூலத்தில் திசை பேசப்படுகிறதா, அளவு பேசப்படுகிறதா என்று பாருங்கள். “வாழ்க்கை ஒரு சுற்று வந்துவிட்டது” என்று எழுதுகிறவர் பெரும்பாலும் போல்ட்டைத்தான் சொல்கிறார்: அதே இடம், ஆனால் ஒரு மரை ஆழம்.

---

சொல்லடுக்கு எழுதியது:

மரை கழன்றவர் என்று இனி யாரையும் திட்ட முடியாது போலிருக்கிறது :) அ) தீர்ந்தது. ஆ)-வுக்கு யாராவது?

---

நிழற்படி எழுதியது:

ஆ)-வில்தான் பெரிய குழப்பமே. “360 வியூ” என்ற பெயரில் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு வேலைகள் நடக்கின்றன.

ஒன்று, கேமரா நடுவில் நின்று வெளியே பார்ப்பது. அறை, மண்டபம், மலையுச்சி எல்லாம் இந்த வகை.

மற்றது, பொருள் நடுவில் இருக்க, அதை விளிம்பிலிருந்து உள்ளே பார்ப்பது. செருப்பு, கடிகாரம், கார் இந்த வகை. இதில் பெரும்பாலும் கேமரா அசையாது, பொருள்தான் சுழல்மேடையில் சுற்றும்.

தமிழில் இந்த இரண்டையும் பிரிக்க ஓர் எழுத்து போதும். அறைக்கு சுற்றிப் பார்க்க. செருப்புக்கு சுழற்றிப் பார்க்க. பொத்தானில் இதை எழுதினால் 360 என்ற எண்ணே வேண்டாம், விரலை என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதே சொல் சொல்லிவிடும். ‘முழுவட்டக் காட்சி’ என்று போட்டால் எது சுற்றுகிறது, யார் நிற்கிறார் என்று தெரியாது.

சுழற்றிப் பார்க்கும் படம் எடுப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று. 10 டிகிரிக்கு ஒரு படம் என்றால் மொத்தம் 36 படம், 15 டிகிரிக்கு ஒன்று என்றால் 24. எண்ணும்போது 0-விலும் எடுத்து 360-லும் எடுத்து 37 ஆக்கிவிடுவார்கள். 0-வும் 360-ம் ஒரே படம். ஓடவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் பொருள் ஒரு கணம் நின்று போகும், திக்கிப் பேசுவது மாதிரி. கடைசிப் படம் 350-ல் முடிய வேண்டும்.

சுற்றிப் பார்க்கும் வகைக்கு “360” என்ற பெயரே குறைதான். கிடைமட்டத்தில் 360, மேலிருந்து கீழாக 180, இரண்டும் சேர்ந்தால்தான் முழுக்கோளம். அதனால்தான் அந்தப் படக்கோப்பை விரித்து வைத்தால் அகலம் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு இருக்கும், 5760-க்கு 2880 புள்ளி என்பது போல. இந்த 2:1 இல்லாத கோப்பை ஏற்றினால் சில பிளேயர்கள் அதைச் சாதாரணப் படமாகவே காட்டும், சில இழுத்துப் பிடித்து ஆட்களைக் குட்டையாக்கும்.

“5.7கே என்கிறார்கள், ஏன் மங்கலாகத் தெரிகிறது?” என்ற கேள்வியும் அடிக்கடி வரும். 5.7கே என்பது அந்த 5760 புள்ளி அகலம்தான். திரையில் ஒரு சமயத்தில் 90 டிகிரிதான் தெரிகிறது என்றால், 5760-ல் கால்வாசி, 1440 புள்ளிதான் உங்கள் கண்ணுக்கு. மீதி முக்கால் பங்கு முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

இரண்டு லென்ஸ் கேமராவில் படங்கள் ஒட்டும் கோட்டில், ஒரு மீட்டருக்குள் ஆள் நின்றால் கை துண்டாகத் தெரியும், சில நேரம் காதே காணாமல் போகும். மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு லென்ஸும் ஒரே புள்ளியிலிருந்து பார்க்கவில்லை, பள்ளிப் பாடத்தில் படித்த இடமாறு தோற்றப்பிழைதான். ஆளை லென்ஸுக்கு நேராக நிறுத்துங்கள், ஒட்டுக்கோட்டில் நிறுத்தாதீர்கள்.

---

பழஞ்சொல் எழுதியது:

‘சுற்றிப் பார்க்க / சுழற்றிப் பார்க்க’ பிரமாதம். பாடப்புத்தகமும் பூமி தன் அச்சில் *சுழல்கிறது*, சூரியனைச் *சுற்றுகிறது* என்று இந்த வேறுபாட்டைத்தான் கையாளுகிறது.

முழுக்கோளம் என்றதும் ஒன்று. நம் வழக்கில் எட்டுத் திக்கும் உண்டு, மேல் கீழ் சேர்த்துப் பத்துத் திக்கும் உண்டு. ‘எட்டுத் திக்கு’ என்பது பனோரமா. ‘பத்துத் திக்கு’ என்பது நீங்கள் சொல்லும் 360-க்கு 180. விளம்பர வாசகத்துக்கு யாராவது எடுத்துக்கொள்ளலாம்.

‘பனோரமா’ என்ற சொல் ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியரின் வட்டச்சுவர் ஓவியத்துக்குப் பெயராகப் பிறந்தது. 1787-ல் காப்புரிமை வாங்கினார், 1793-ல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் அதற்கென்றே வட்டக் கட்டடம் எழுந்தது. பார்ப்பவர் நடுமேடையில் நிற்பார், சுற்றிலும் ஓவியம். இன்று கைப்பேசியில் இடம் வலமாக நகர்த்தி எடுக்கும் 120 டிகிரி நீளப்படத்துக்கும் அதே பெயர்! முழுவட்டம் என்று பிறந்த சொல் ‘அகலமானது’ என்று சுருங்கிவிட்டது.

---

ஓவர்த்ரோ எழுதியது:

கிரிக்கெட் வீரர் ஏபி டி வில்லியர்ஸை “மிஸ்டர் 360” என்றார்களே, அது நடுவில் நின்று வெளியே பார்க்கும் வகையில் சேரும். ஆள் சுற்றுவதில்லை, பந்துதான் எல்லாப் பக்கமும் போகிறது. தமிழ் வர்ணனையில் “மைதானத்தின் நாலாபுறமும்” என்று எப்போதோ சொல்லியாயிற்று.

---

மதிப்புத்தாள் எழுதியது:

இ)-க்கு வருகிறேன். நிழற்படி சொன்ன பிரிவில் இது *சுழற்றிப் பார்க்க* வகை: ஒரு பணியாளர் நடுவில், சுற்றி நிற்பவர்கள் உள்ளே பார்க்கிறார்கள். மேலாளர், சக பணியாளர், அவருக்குக் கீழ் வேலை செய்வோர், கூடவே அவரே தன்னைப் பற்றி. சில இடங்களில் வாடிக்கையாளரும் உண்டு. மேலாளரும் தானும் மட்டும் என்றால் அதைப் பொதுவாக 180 என்பார்கள். “720” என்று விற்கப்படுவதற்கு நிலையான பொருளே இல்லை. ஒருவர் வெளியாட்களைச் சேர்ப்பதைச் சொல்வார், இன்னொருவர் சில மாதம் கழித்து இரண்டாம் சுற்று நடத்துவதைச் சொல்வார். மரைதிருகி சொன்ன அளவுக் கணக்கு இங்கே செல்லாது, சுற்றி நிற்பவர்களை இரண்டு தடவை சுற்ற முடியாது. ஒப்பந்தத்தில் அந்தச் சொல் வந்தால் “யார் யார், எத்தனை தடவை” என்று விரித்து எழுதச் சொல்லுங்கள்.

சொல்லைவிடப் படிவத்தில் கெடுவதுதான் அதிகம். தமிழ்ப் படிவத்தில் குறிப்பாக:

பெயர் மறைப்பு தமிழில் எளிதாகக் கிழியும். எழுத்துக் கருத்துகளை அப்படியே அறிக்கையில் ஒட்டினால் மரியாதை விகுதியே ஆளைக் காட்டிக்கொடுக்கும். “சார் நேரத்துக்கு வருவதில்லை” என்று எழுதியவர் கீழே உள்ளவர். “அவன் நன்றாகத்தான் செய்கிறான்” என்றவர் மேலே அல்லது நெருங்கிய தோழர். *நாம், நாங்கள்* இன்னும் மோசம்: “எங்களிடம் முன்கூட்டியே சொல்வதில்லை” என்றால் எழுதியவர் குழுவுக்குள் இருக்கிறார், யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவர் அந்த ‘எங்களுக்கு’ வெளியே. ஆங்கிலப் படிவத்தில் இந்தத் தகவல் இந்த அளவுக்குக் கசியாது, அதனால் அங்கிருந்து வந்த வழிகாட்டிகளில் இந்த எச்சரிக்கை பெரும்பாலும் இருக்காது. தொகுப்பவர் எல்லாக் கருத்தையும் ‘அவர்… செய்கிறார்’ என்ற ஒரே நடைக்கு மாற்ற வேண்டும், ‘நாங்கள்’ வந்தால் ‘குழுவினர்’ ஆக்க வேண்டும். அப்படி மாற்றப்படும் என்று படிவத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கழித்தல் கணக்கு. மேலாளரைத் தவிர மற்றப் பிரிவுகளில் மூன்று பேருக்குக் குறைவாக இருந்தால் அதைத் தனியே காட்டக் கூடாது என்பது பொதுவான வழக்கம். அதைச் செய்துவிட்டு மொத்தச் சராசரியை மட்டும் விட்டுவிடுவார்கள். மொத்தம் 8 பேர், சராசரி 3.75 என்றால் கூட்டுத்தொகை 30. மேலாளர் 4. சக பணியாளர் 5 பேர், சராசரி 4.4, அதாவது 22. முப்பதில் 26 போனால் 4. மறைத்து வைத்த இரண்டு பேரும் ஆளுக்குச் சராசரியாக 2 கொடுத்திருக்கிறார்கள் என்று அறிக்கையைப் படிப்பவர் அரை நிமிடத்தில் கண்டுபிடிப்பார். சின்னப் பிரிவை இன்னொரு பிரிவோடு சேர்த்து ‘பிறர்’ ஆக்குங்கள், இல்லையென்றால் மொத்தச் சராசரியைத் தூக்குங்கள்.

இரண்டு ‘உம்’. “தெளிவாகவும் விரைவாகவும் பதில் தருகிறார்.” விரைவு உண்டு, தெளிவு இல்லை என்றால் எத்தனை மதிப்பெண் போடுவது? வாக்கியத்தில் இரண்டு ‘உம்’ வந்தால் கேள்வியை இரண்டாக வெட்டுங்கள். இதைவிட எளிய சோதனை இல்லை.

‘ஓரளவு’ வேண்டாம். ஒருவருக்கு அது பாராட்டு, இன்னொருவருக்குக் குறை. ‘எப்போதாவது, சில நேரம், அடிக்கடி, எப்போதும்’ என்று எத்தனை தடவை கண்டார் என்பதைக் கேளுங்கள். ‘பார்க்க வாய்ப்பில்லை’ என்பதைத் தனிக் கட்டமாக வையுங்கள், அதை 0 என்றோ 3 என்றோ கணக்கில் சேர்த்தால் சராசரி குட்டிச்சுவர்தான்.

பெயர் பற்றி என் கருத்து: ‘மதிப்பீடு’ என்று போடாதீர்கள். மதிப்பெண், சம்பள உயர்வு என்று காதில் விழும், உடனே ஒருவருக்கொருவர் ஐந்துக்கு ஐந்து போட்டுக்கொள்வார்கள். இன்னொன்று, எல்லாப் பக்கமிருந்தும் கருத்து வந்தால் நல்லதுதான் நடக்கும் என்று நம்பவும் வேண்டாம். க்ளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996-ல் பொதுவாகக் கருத்துச் சொல்லும் முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு ‘என்னைப் பற்றி’ என்று திரும்பும்போது கெடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆளைப் பற்றிக் கேட்காமல் செயலைப் பற்றிக் கேட்பது அதனால்தான்.

---

கோணமானி எழுதியது:

ஃபீட்பேக்குக்கு வழங்கும் ‘பின்னூட்டம்’ பற்றி ஒரு முரண். மின்னணுவியலில் அது வெளியீட்டின் ஒரு பகுதி உள்ளீட்டுக்கே திரும்பி வருவது, ஒரு வளையம். வளையம்தான் உண்மையில் 360 சுற்றி வருகிறது! படிவத்தில் இருப்பதோ எட்டுப் பேரிடமிருந்து வரும் அம்புகள். அவை மையத்தில் முடிந்துவிடுகின்றன, திரும்பிப் போவதில்லை.

---

மதிப்புத்தாள் எழுதியது:

உண்மை. சொன்னவர்களுக்கு “உங்கள் கருத்தில் இதை எடுத்துக்கொண்டேன்” என்று திருப்பிச் சொன்னால்தான் வளையம் மூடும். பெரும்பாலான இடங்களில் அந்தப் படியே இருக்காது. என் தேர்வு சுற்றுக்கருத்து. ‘நாற்புறக் கருத்து’ம் சரி, நான்கு பிரிவு என்பதால் பொருந்துகிறது. ‘முழுவட்டப் பின்னூட்டம்’ வாயில் நுழையவில்லை.

---

பழஞ்சொல் எழுதியது:

‘சுற்றுக்கருத்து’ என்றால் ‘சுற்றறிக்கை’ மாதிரி எல்லோருக்கும் அனுப்புவது என்று படாதா? எனக்கு ‘நாற்புறக் கருத்து’.

---

ராசிக்கட்டம் எழுதியது:

யாரும் டிகிரிக்குத் தமிழ் கேட்கவில்லையே. பாகை, கலை, விகலை. 1 பாகைக்கு 60 கலை, 1 கலைக்கு 60 விகலை. பஞ்சாங்கத்தில் இன்றும் ஓடுகிறது: 12 ராசி, ஒன்றுக்கு 30 பாகை. 27 நட்சத்திரம், ஒன்றுக்கு 13 பாகை 20 கலை. எப்படிப் பெருக்கினாலும் 360.

இந்த எண் பாபிலோனியர்களின் அறுபதின் கணக்கிலிருந்து வருவது. 360-க்கு 24 வகுஎண்கள், 2 முதல் 10 வரை 7 ஒன்றைத் தவிர எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். நில அளவையில் வட்டத்தை 400 ஆகப் பிரிக்கும் கிரேடும் உண்டு, ஆனால் அதை மூன்றால் வகுத்துப் பாருங்கள். ஐபிஎம் 1964-ல் ‘சிஸ்டம்/360’ என்று கணினிக்குப் பெயர் வைத்ததும் எல்லாப் பக்கத்து வேலைக்கும் ஒரே வரிசை என்று காட்டத்தான்.

விமான ஓடுபாதையில் வடக்கு 36 என்று இருக்கும், 00 என்று இருக்காது. அதன் மறுமுனை 18. பத்தில் ஒரு பங்காக எழுதிய 360-ம் 180-ம்தான் அவை. வானில் நொடிக்கு 3 டிகிரி என்ற வழக்கமான வேகத்தில் திரும்பினால் முழுச்சுற்றுக்கு 2 நிமிடம். விமானத்தைத் தாமதப்படுத்த ‘ஒரு 360 போடு’ என்பார்கள். திசை அதே, நேரம் மட்டும் இரண்டு நிமிடம் போயிருக்கும். மரைதிருகியின் போல்ட் இங்கேயும் இருக்கிறது.

---

சொல்லடுக்கு எழுதியது:

பட்டியலில் ஒரு வரியை நான்காக உடைத்துவிட்டேன்: நேரெதிராக / சுற்றிப் பார்க்க / சுழற்றிப் பார்க்க / நாற்புறக் கருத்து. ‘முழுவட்டம்’ வடிவியலுக்கு மட்டும். 720 வந்தால் மூலத்தை எழுதியவரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்று குறிப்பு.

எண்ணை எழுத்தில் எழுத நேர்ந்தால் ‘முன்னூற்று அறுபது’ தானே?

---

பழஞ்சொல் எழுதியது:

முந்நூற்று அறுபது. மூன்று + நூறு, அதனால் ‘ந்நூ’. ‘முன்’னுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

---

நிழற்படி எழுதியது:

பொத்தானில் ‘360°-யில்’ என்று குறியோடு வேற்றுமை உருபை ஒட்டாதீர்கள். வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் குறியை விழுங்கிவிட்டு “முந்நூற்று அறுபது இல்” என்று படிக்க வாய்ப்பு உண்டு. ‘360 டிகிரியில்’ என்று முழுசாக எழுதுங்கள். இடம் போதவில்லை என்றால் உருபை விட்டுவிட்டு ‘சுற்றிப் பார்க்க’ மட்டும்.